கறுப்பு வெள்ளை பிலிமும் நீலகிரிப் பனியும்: மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு சிறிய இருட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். சேர வருகிறவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. சமவெளியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி உதவும். மூடுபனி, குளிர்ந்த தண்ணீர், பூஞ்சை ஆகியவை பற்றிய புலம்பல் மட்டும் மலைக்காரர்களுக்கு.

போனிலேயே கறுப்பு வெள்ளை வருகிறதே, எதற்கு இந்தப் பாடு?

வருகிறது, நன்றாகவே வருகிறது. அது போதும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் இங்கே நாம் கற்றுக்கொள்வது அச்சு போடுவதை. ஷட்டரை அழுத்தியது முதல் தாள் காய்ந்து கையில் வருவதுவரை எல்லா முடிவும் உங்களுடையது: எவ்வளவு வெளிச்சம் விட்டீர்கள், எவ்வளவு நேரம் கழுவினீர்கள், எந்த நெகட்டிவை (கறுப்பும் வெள்ளையும் மாறி விழுந்த பிலிம் படத்தை)த் தேர்ந்தெடுத்தீர்கள், எந்த மூலையை இருட்டாக்கினீர்கள். எங்கே சறுக்கினாலும் அது நெகட்டிவில் நின்று சாட்சி சொல்லும்.

இன்னொரு வசதியும் உண்டு. போனில் எடுத்ததை அங்கேயே பார்த்து, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அப்போது நம் கண்ணில் இருப்பது படமா, எதிரே நிற்கும் இடமா என்று நமக்கே தெரியாது. பிலிமைக் கழுவிப் பார்ப்பதற்குள் சில நாள் ஓடிவிடும். லாம்ஸ் ராக் காட்சிமுனையின் குளிர்காற்றும் கூட வந்த நண்பர்களின் சிரிப்பும் அதற்குள் விலகியிருக்கும். மிச்சம் இருப்பது தாளில் உள்ளது மட்டும்.

பிலிமில் எடுத்து, கடையில் கொடுத்துக் கழுவி, ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவதோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை, அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள் என்பதுதான். கொஞ்சம் கடுமையான கருத்து என்று தெரியும். மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

இது வெறும் பழமை மோகம் இல்லையா?

உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சுப் போடும் மாணவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. கல்லில் செதுக்குகிறவரையும் கேட்பதில்லை. பிலிமும் அப்படி ஒரு ஊடகம். அதற்குரிய குணம் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது.

நம் ஊர்க் கலைக்கல்விக்கும் இது அந்நியமல்ல. சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். அந்தப் பத்தாண்டிலேயே அங்கே புகைப்படமும் பாடமாகிவிட்டது. 1856-இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. புகைப்படக்கலை 1839-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஊட்டியிலேயே பிலிம் தயாரித்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் (எச்.பி.எப்.) என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டது. 1967-இல் உற்பத்தி ஆரம்பமானது. ஊட்டியில் இந்து நகர் என்ற பகுதியே அதன் பெயரைச் சுமந்து நிற்கிறது. ‘இந்து’ (Indu) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், போட்டோ பேப்பர், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கிருந்து நாடு முழுவதும் போயின. பிலிமில் மருந்து பூசும் இடத்தில் ஒரு தூசி விழுந்தாலும் கெட்டது. வெப்பம் ஏறினாலும் கெட்டது. இந்த மலையின் குளிரும் தூசியில்லாக் காற்றும் அந்தத் தொழிலுக்குத் தோதாக இருந்தன. 1990-களில் நிறுவனம் நலிந்து, பிறகு மூடப்பட்டது. இன்றும் எங்கள் மாணவர்களில் சிலர், “எங்கள் தாத்தா எச்.பி.எப்.பில் வேலை பார்த்தார்” என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

பழைய ஸ்டுடியோ அலமாரிகளிலிருந்து காலாவதியான இந்து பிலிமோ பேப்பரோ கிடைத்தால் வாங்கி வாருங்கள். பிலிம் என்றால் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் வீதம் (ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இருமடங்காக்குவது) வெளிச்சம் கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். பெரிய நம்பிக்கை வேண்டாம், முக்கியமான எதையும் அதில் எடுக்கவும் வேண்டாம். பழைய பேப்பர்தான் உண்மையான புதையல். மங்கிப்போய் அச்சுக்கு உதவாது என்றாலும், அதன்மேல் ஒரு பெரணி இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் சில மணி நேரம் வைத்தால், டெவலப்பர் (உருவத்தை எழுப்பும் ரசாயனம்) இல்லாமலேயே இலையின் உருவம் செம்பழுப்பிலோ ஊதாவிலோ எழும். உருவத்தை நிலைநிறுத்தும் பிக்ஸரில் நனைத்தால் நிறம் கொஞ்சம் வெளிறும், ஆனால் நிற்கும். கேமரா வாங்க வழியில்லாதவர்களை முதலில் இதில்தான் உட்கார வைக்கிறேன். வெள்ளிப் பெரணியைப் புறங்கையில் தட்டி வெள்ளை அச்சு எடுத்து விளையாடாத குழந்தை இந்த மலையில் உண்டா? அவர்களுக்கு இது புதிய விளையாட்டே இல்லை.

எந்தக் கேமரா வாங்கலாம்?

வேலை செய்கிற எதுவும். ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) கையால் மாற்ற முடிகிற, 50 மி.மீ. லென்ஸ் உள்ள லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் பழைய எஸ்.எல்.ஆர். கேமரா போதும்: பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எப்.எம். வகை, யாஷிகா, ஜெனித், எது கிடைக்கிறதோ அது. வாங்குமுன் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அடித்துப் பாருங்கள். ஒரு நொடி ஒரு நொடியாகவும், முப்பதில் ஒரு பங்கு அதற்குத் தகுந்தபடியும் கேட்க வேண்டும். பழைய மசகு குளிரில் இறுகிவிடும் என்பதால், கோவையில் சரியாக ஓடிய ஷட்டர் ஊட்டியின் டிசம்பர் காலையில் இழுக்கலாம். முடிந்தால் குளிரிலேயே சோதியுங்கள்.

வீட்டுப் பரணில் அக்பா கிளிக் 3 கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். 120 என்ற அகலப் பிலிமில் 12 சதுரப் படம் எடுக்கும். மாற்றுவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. வெயில் வேண்டும், அவ்வளவுதான்.

செலவு?

கூடுதல்தான், மறைத்துப் பயனில்லை. 100 அடிச் சுருளாக வாங்கி, நாமே வெட்டிக் குப்பிகளில் நிரப்பினால் 36 படங்கள் கொண்ட ரோல் சுமார் 18 வரும். சில்லறையாக வாங்குவதைவிடக் கட்டுப்படியாகும். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். டெவலப்பரையும் பங்கு போடுங்கள்.

பனியில் எடுத்த படமெல்லாம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. என்ன செய்வது?

மலையில் பிலிம் பிடிக்கிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது பனியா, கரிமூட்டையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவையே சொல்லும். பனி நடுத்தரச் சாம்பலைவிட வெளிச்சமானது. மீட்டரை அப்படியே நம்பினால் பிலிமுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்காது. பனி மங்கி, மரங்களின் கருமையில் இருக்க வேண்டிய விவரமெல்லாம் போய்விடும். மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப்வரை கூட்டுங்கள். எளிய வழி வேண்டுமென்றால், படத்தில் இருக்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளங்கை யாருக்கும் ஏறத்தாழ அந்த அளவுக்கு நடுச்சாம்பலைவிட வெளிர். கூடவே வருகிறது, மறந்துவிட்டு வரவும் முடியாது.

குளிர்காலத்தில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். படுகர் இன மக்கள் ஆணும் பெண்ணுமாக வெள்ளை உடுத்தித் திரண்டு நிற்கும்போது மீட்டர் அவ்வளவு பேரின் உடையையும் அழுக்காக்கிக் காட்டும்.

அடுத்தது, பனியில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே தூரம் குறைவு. அந்த ரோல் முழுவதும் பனியில் எடுத்ததென்றால், கழுவும் நேரத்தை 15 முதல் 20 சதவீதம் நீட்டுங்கள். நிழல் பகுதி பெரிதாக மாறாது. நெகட்டிவில் வெளிச்சப் பகுதி அடர்ந்து, இடைவெளி அகலும். நிழலைப் பார்த்து வெளிச்சம் கொடு, வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவு என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1940-ஐ ஒட்டி அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த, வெளிச்ச நிலைகளைப் படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறைக்கும் அடிப்படை இதுவே. ஒரே ரோலில் பாதி பனி, பாதி உச்சி வெயில் என்று எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. வானிலை மாறியதும் ரோலை மாற்ற மனம் வராது, வர வேண்டும்.

பிறகு ஒரு ரசனைச் சங்கதி. எல்லாப் பனிப்படத்தையும் தீட்டி அடர்கறுப்பாக்கிவிட வேண்டுமென்ற அவசியம் கிடையாது. குன்னூர் பஸ் நிலையத்தில் மேகம் இறங்கிய மாலையில் கறுப்பு என்று ஒன்றும் இருக்காது. பத்துப் பன்னிரண்டு வகைச் சாம்பல் இருக்கும். அந்த வகைகளைப் பிரித்துத் தாளில் கொண்டுவருகிறவர்தான் கைதேர்ந்தவர். லென்ஸின் முன் சிவப்பு பில்டர் (நிறக் கண்ணாடி) போட்டு வானத்தைக் கரியாக்குவது ஒரு நாளில் வந்துவிடும்.

பில்டரைப் பற்றிச் சொன்னீர்கள். பனியை அது கிழிக்காதா?

கிழிக்காது. இங்கே இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். தொட்டபெட்டாவிலிருந்து பார்த்தால் தூரத்து மலைகள் நீலமாகக் கரைந்து நிற்கின்றனவே, அது மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருவது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பில்டர்கள் நீலத்தைத் தடுப்பதால் தூரத்து மலை தெளிந்து வரும். மூடுபனியோ நீர்த்துளிகள். அவை எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறடிக்கும். சிவப்பு பில்டர் அங்கே மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிட்டுப் போவதோடு சரி.

பில்டர் என்ன செய்கிறது என்பதைத் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையை வைத்துக் காட்டுவேன். வெளிர் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை. பில்டர் இல்லாமல் எடுத்தால் சிவப்பு அடர்சாம்பலாகி, கறுப்போடு ஒட்டி உறவாடும். பச்சை பில்டர் போட்டால் சிவப்பும் கறுப்பாகிவிடும்; இரண்டு நிறக் கோலம் ஒரே நிறமாகும். சிவப்பு பில்டர் போட்டால் சிவப்பு நூல் வெளிறித் துணியோடு கரைந்து, கறுப்புக் கோடுகள் மட்டும் தனியே நிற்கும். ஒரே சால்வை, மூன்று வேறு சால்வைகள். தேயிலைக்கும் பார்க்கலாம்: மஞ்சள் கலந்த பச்சை பில்டர் போட்டால் கொழுந்து முதிர்ந்த இலையிலிருந்து பிரிந்து வெளிச்சமாகும்.

வீட்டில் பிலிம் கழுவ முடியுமா? தண்ணீர் ஐஸாக இருக்கிறதே?

முடியும். பிலிமைச் சுருள்சட்டமான ரீலில் ஏற்றி, வெளிச்சம் புகாத டேங்கில் போடும் வேலைக்கு மட்டும் முழு இருட்டு வேண்டும். டேங்க் மூடியைத் திருகிய பிறகு சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டே மீதியைச் செய்யலாம். சிவப்பு விளக்கு ஆபத்தில்லை என்று சினிமாவில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது பேப்பருக்கு. பிலிம் சிவப்பையும் பார்க்கும், பாழாகும். வீணான பிலிம் ஒன்றை வாங்கி, முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கை தானாகப் போகும்வரை ஏற்றிப் பழகுங்கள்.

இனி தண்ணீர். டெவலப்பருக்கு அச்சிட்டிருக்கும் நேரம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. இல்போர்டு எச்.பி.5 பிளஸ் பிலிமை டி-76 டெவலப்பரின் நேர்க்கரைசலில் (மேலும் தண்ணீர் கலக்காதது) கழுவ 20 டிகிரியில் 7½ நிமிடம். 18 டிகிரி என்றால் 9 நிமிடத்தை ஒட்டி. ஜனவரியில் ஊட்டிக் குழாயில் வருவது அதற்கும் வெகு கீழே. நேரத்தை இன்னும் நீட்டிக்கொண்டே போனால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, காரணம் இருக்கிறது. டி-76-இல் உருவத்தை எழுப்புகிறவை மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும். ஹைட்ரோகுவினோன் 13 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழத் தூங்கிவிடும். மெட்டால் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு போகும்; நெகட்டிவ் சோகை பிடித்ததுபோல் வரும்.

ஒரு பெரிய வாளியில் வெந்நீர் கலந்து 21, 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, டெவலப்பர், பிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாப் பாட்டில்களையும் அதிலேயே நிறுத்துங்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் ஒரே நிலைக்கு வரும். டேங்கையும் இடையிடையே அதிலேயே வையுங்கள். டெவலப்பரை மட்டும் சூடாக்கிவிட்டு, கடைசியில் குழாயடியில் பிடிப்பவர்கள் உண்டு. திடீர்க் குளிரில் ஜெலட்டின் சுருங்கி, படம் முழுக்க நுண்ணிய வெடிப்பு விழும். இன்றைய பிலிம்கள் கொஞ்சம் தாங்கும் என்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல. ஒரு நல்ல வெப்பமானி கட்டாயம். இரண்டாவது லென்ஸுக்கு முன்பே வாங்க வேண்டியது அது.

டெவலப்பர் ஊற்றியதும், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும், 10 நொடிக்குள் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். எல்லா ரோலுக்கும் ஒரே மாதிரி. ஒரு நாள் ஆவேசமாகவும் ஒரு நாள் தூக்கக் கலக்கத்திலும் ஆட்டினால் எதனால் எது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பிக்ஸர் வேலை செய்கிறதா என்பதை அறிய, பிலிமின் தொடக்கத் துண்டை அதில் போட்டுப் பால்நிறம் மறையும் நேரத்தைப் பாருங்கள். அதைப்போல் இருமடங்கு நேரம் பிலிமை வைக்க வேண்டும். கடைசியாக அலச, தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மீண்டும் நிரப்பி 10, மீண்டும் நிரப்பி 20. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்களில் இந்த முறை பெரிய புண்ணியம்.

டி-76 கடையில் கிடைக்காவிட்டால் நாமே கலக்கலாம். 1927-இல் கோடாக் கொண்டுவந்த சூத்திரம், எல்லோருக்கும் தெரிந்தது: 50 டிகிரியை ஒட்டிய முக்கால் லிட்டர் தண்ணீரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், இதே வரிசையில், ஒன்று கரைந்தபின் அடுத்தது. பிறகு தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்கி, ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும்.

காபித்தூளில் கழுவலாம் என்கிறார்களே?

கழுவலாம். 1995-இல் அமெரிக்காவில் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் ஒரு வேதியியல் வகுப்பு மாணவர்கள் தொடங்கிவைத்தது. பரவலாகப் பயன்படும் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், உடனடிக் காபித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். வேலை செய்வது கபீன் அல்ல, கபீயிக் அமிலம். அதனால் மலிவான, ரோபஸ்டா அதிகமுள்ள தூள்தான் நல்லது. நம் கடைகளில் கிடைப்பவற்றில் பல சிக்கரி கலந்தவை. காபியின் பங்கு குறைந்தால் வீரியமும் குறையும், உறையைப் படித்து வாங்குங்கள். வாஷிங் சோடாவுக்குப் பதில் ஆப்பசோடா போட்டால் உருவம் ஒழுங்காக எழாது.

தேயிலையின் பாலிபீனால்களும் இதைச் செய்யும், இன்னும் மெதுவாக. எங்கள் மலைத் தூளில் எங்கள் மலையைக் கழுவுகிறோம் என்று திட்டம் எழுதிக்கொண்டு ஆண்டுதோறும் யாராவது வருவார்கள். செய்யட்டும். ஆனால் டி-76-இல் ஒழுங்கான நெகட்டிவ் எடுக்கத் தெரிந்த பிறகு. நாற்றத்தை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கான்டாக்ட் ஷீட் எதற்கு? நல்ல படத்தை மட்டும் பெரிதாக்கினால் போதாதா?

எது நல்ல படம் என்று எப்படித் தெரியும்? கழுவிய ரோலை ஆறாறு படங்களாக ஆறு துண்டு வெட்டி, 8×10 அங்குலப் பேப்பரில் பரப்பிக் கண்ணாடியால் அழுத்தி அச்செடுத்தால் 36 படமும் ஒரே தாளில் வரும். இதைச் செய்யாத மாணவருக்கு நான் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரைத் தொட அனுமதி தருவதில்லை.

அந்தத் தாள் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மாணவி அரவங்காடு ரயில் நிலையத்தில் ஒரு ரோல் முழுதும் எடுத்து வந்தார். ரயிலின் படம் ஒவ்வொன்றும் எல்லோரும் எடுப்பதுதான். ஆனால் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தால், ரயில் போன பிறகு எடுத்த நான்கு படங்களில் ஒரே பெஞ்சு, அதில் ஈரக்குடை, குடையிலிருந்து தரையில் பரவிய தண்ணீர். முதல் படத்தில் குடை ஓரத்தில் இருக்கிறது; நான்காவதில் நடுவுக்கு வந்துவிட்டது. அவர் ரயிலை எடுக்கப் போனார், கண் குடையைத் தேடியிருக்கிறது. அவருக்கே அது தெரியாது. தாள் சொன்னபிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதங்களில் அவர் எடுத்ததெல்லாம் ஈரம்: சாக்கு, சுவர், செருப்பு, பள்ளிக்கூட வராந்தா.

உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுங்கள். முதல் நாள் ஒரு நிறம், ஒரு வாரம் கழித்து வேறு நிறம். இரண்டு முறையும் வட்டம் விழுந்தவற்றைப் பெரிதாக்கலாம். முதல் நாள் மட்டும் விழுந்தவை பெரும்பாலும் உங்கள் நண்பர்களின் முகங்களாக இருக்கும்.

அச்சு போடுவதில் முக்கியமானது என்ன?

சோதனைத் துண்டு. முழுத்தாளை நேரடியாக வைக்கக் கை அரிக்கும், வேண்டாம். ஒரு கீற்றில் 3 நொடி, 6, 9, 12 என்று படிப்படியாக வெளிச்சம் விட்டு, வெளிச்சப் பகுதி சரியாக வருவது எந்த நொடி என்று பாருங்கள். கறுப்பு போதவில்லை என்றால் பில்டரால் கறுப்பு-வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்க முடிகிற மல்டிகிரேடு பேப்பரில் பில்டர் எண்ணை ஏற்றுங்கள், தூக்கலாக இருந்தால் இறக்குங்கள். ஈரத்தில் பார்க்கும்போது தாள் பளபளக்கும். காய்ந்தால் ஒரு சாயல் மங்கும். முக்கியமாக, சிவப்பு விளக்கில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், எல்லாமே அழகாகத் தெரியும்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பரில் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் அலசினால் போதும். பிளாஸ்டிக் பூச்சில்லாத பைபர் பேப்பர் ஒரு மணி நேரம் தண்ணீர் கேட்கும், காயும்போது அப்பளமாகச் சுருளும். கண்காட்சிக்கு மட்டும் அது.

எதை எடுப்பது? ஊட்டியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களே?

ஊட்டி ஏரி, தாவரவியல் பூங்கா, ரயில் வளைவு மூன்றையும் ஒரு ரோலில் எடுத்து முடித்துவிடுங்கள். ஆசை தீரட்டும்.

பிறகு வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண்டு அதையே எடுங்கள். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தைப் பாருங்கள். இயந்திரத்துக்குள் மண்ணோடு போகிறது, தண்ணீர் சேறாக வெளியே பாய்கிறது, ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் மூட்டை பிடிக்கிறார்கள். வண்ணத்தில் எடுத்தால் கண் முழுக்க ஆரஞ்சு நிறம்தான். அதுவே படத்தைத் தூக்கி நிறுத்திவிடும், எடுத்தவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் கேரட் வெறும் நடுச்சாம்பல். அப்போதுதான் முதுகு வளைந்திருக்கும் கோணமும், தண்ணீர் தெறிக்கும் திசையும், ஈரமான கையின் பளபளப்பும் வேலை செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் படம் விழுந்துவிடும். ஒரு பொருள் உங்களுக்கு ஏற்றதா என்பதை நிறத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

வேறு சில: பட்டை உரியும் தைலமரங்கள், அதிகாலை வர்க்கி அடுப்பு, தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் தொட்டிகள் (அனுமதி பெற்று). 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உண்டு. பாட்டி பெட்டியில் வைத்திருக்கும் பழைய ஸ்டுடியோ படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் நகலெடுப்பதே அவர்களுக்கு ஒரு முழுத் திட்டமாகும்.

மனிதர்களை எடுக்கலாமா? தோடர் மந்துக்கு (அவர்களின் குடியிருப்புக்கு)ப் போகலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வையுங்கள், கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

தோடர் விஷயத்தில் கூடுதலாக ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மலைக்கு வந்த கேமராக்கள் அவர்களைத்தான் விரட்டி விரட்டி எடுத்தன. ஊட்டியில் ஸ்டுடியோ நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென் உட்படப் பலர் எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாகவும் ஆல்பங்களாகவும் கடல் கடந்தன. பெயர் இல்லாமல், “தோடர் ஆண்”, “தோடர் பெண்” என்ற தலைப்போடு. அந்த வரிசையில் இன்னொரு படத்தைச் சேர்க்கத்தான் போகிறீர்கள் என்றால் போகவே வேண்டாம். அறிமுகம் இருந்து, அழைப்பு இருந்து போனால், படத்தில் இருப்பவரின் பெயரை எழுதி வாங்குங்கள், ஒரு பிரதி அச்சுப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கோயில்களின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

தேயிலை பறிக்கும் பெண்களின் கூலிக் கணக்கில் பறித்த எடையும் சேரும். “அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கள்” என்று அவர்களை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கூடையில் குறையும். உணவு இடைவேளையில் போங்கள். முதுமலை, அவலாஞ்சி போன்ற காட்டுப் பகுதிகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தண்டவாளத்தில் இறங்கி எடுப்பது குற்றம், முட்டாள்தனமும்கூட.

ரசாயனங்கள் ஆபத்தா? எங்கே ஊற்றுவது?

மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு தரும். கையுறையோ இடுக்கியோ பயன்படுத்துங்கள். தூளைக் கலக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டுப் பாத்திரம் வேறு, இந்தப் பாத்திரம் வேறு.

வீரியம் தீர்ந்த பிக்ஸரை எந்தக் காரணம் கொண்டும் வாய்க்காலில் ஊற்றக் கூடாது. பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது; நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. இங்கே கொட்டுவது பவானியில் போய்ச் சேரும். ஒரு கேனில் சேர்த்துவையுங்கள். அதில் இரும்புக் கம்பளியைப் போட்டுவைத்தால் இரும்பு கரைந்து, வெள்ளி கருஞ்சேறாக அடியில் படியும். பழைய எக்ஸ்ரே பிலிம் வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் அதையும் வாங்கிக்கொள்வார்கள்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது.

பிடிக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் எச்சரிக்கை. தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு நீங்கள் போடும் விருந்து. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் போடலாம். அதைவிட நல்லது, வாரம் ஒரு முறை எடுத்து உபயோகிப்பது. நெகட்டிவையும் அப்படியே: நன்றாகக் காய்ந்தபின் உறையில் போட்டு, தேதியும் இடமும் எழுதி, தரையோரம் இல்லாமல் உயரத்தில் வையுங்கள்.

குளிரில் சுற்றிவிட்டு அடுப்பு எரியும் அறைக்குள் வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் வியர்த்துவிடும்.

இருட்டறையில் பாட்டுக் கேட்கலாமா?

கேட்கலாம், ரேடியோவில். போன் வெளியே கூடையில். பேப்பர் பெட்டி திறந்திருக்கும்போது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்து திரை ஒளிர்ந்தால் பெட்டி முழுவதும் போகும், அதற்கான பணத்தைப் பங்காளிகள் நான்கு பேரும் உங்களிடமே கேட்பார்கள்.